காப்பாற்றப் போனவர்கள்: சாக்கடை வாயுவும் முந்நூறு வருட முதலுதவியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க. ஆனா பாதியில விட்டுடாதீங்க.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

உங்க தெருவுல ஒரு வீட்ல செப்டிக் டேங்க் சுத்தம் பண்றாங்க. உள்ளே இறங்கின ஆள் சத்தமே இல்லாம சரிஞ்சு விழுந்துட்டார். எட்டிப் பார்த்தா தெரியுது. எட்டடி ஆழம்தான். ஏணி அங்கேயே சாத்தியிருக்கு. கூட வந்தவர் "அண்ணே... அண்ணே"ன்னு கத்துறார். நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. என்ன செய்வீங்க?

மனசுல ஈரம் இருக்கிற யாருக்கும் முதல்ல தோணுறது ஒண்ணுதான். இறங்கித் தூக்கிடலாம், ஒரே நிமிஷ வேலைதானே.

அந்த ஒரு நிமிஷத்தோட வரலாறுதான் இந்தப் பதிவு.

நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு மே மாச மத்தியானம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மூணு பேரை அடுத்தடுத்துக் கொண்டு வந்தாங்க. முதல் ஆள் டேங்க் சுத்தம் பண்ண வந்த தொழிலாளி. ரெண்டாவது ஆள் அவரோட மச்சான். மூணாவது, எதிர் வீட்டுப் பையன். கல்லூரி லீவுக்கு ஊருக்கு வந்தவன். அவனுக்கும் அந்த டேங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கான், ரெண்டு பேர் கிடக்கிறதைப் பார்த்ததும் இறங்கிட்டான்.

மூணு பேருமே வரும்போதே உயிரோட இல்லை.

பையனோட இடுப்புல வெள்ளி அரைஞாண் இருந்தது. கரியில முக்கி எடுத்த மாதிரி கறுப்பா இருந்தது. "காலையில குளிக்கும்போது பளபளன்னு இருந்துச்சு சார், இது என்ன சார்?"னு அவங்க அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. பக்கத்துல இருந்த சீனியர் டாக்டர் மெதுவா என் காதுல சொன்னார்: "ஹைட்ரஜன் சல்பைடுப்பா. வெள்ளியைக் கறுப்பாக்கிடும்."

பல வருஷம் கழிச்சு ஒரு பழைய மருத்துவ நூலைப் பத்திப் படிக்கும்போது அதே விஷயம் திரும்ப வந்தது. மலக்குழி சுத்தம் செய்யறவங்களோட சட்டைப் பையில இருக்கிற செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப் போகும்னு ஒரு டாக்டர் எழுதி வெச்சிருக்கார். எழுதின வருஷம் 1700.

அவர் பேர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. இத்தாலியில மொடேனாவுல மருத்துவரா இருந்தவர். தொழிலால் வரும் நோய்களைப் பத்தி அவர் எழுதின புத்தகத்தை வெச்சுத்தான் இன்னைக்கும் அவரைத் தொழில்சார் மருத்துவத்தின் தந்தைன்னு சொல்றோம். நோயாளிகிட்ட கேட்கிற கேள்விகளோட "நீங்க என்ன வேலை செய்யறீங்க?"ங்கிறதையும் சேர்த்துக்கணும்னு மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

அந்தப் புத்தகம் எழுதணும்னு அவருக்கு எப்படித் தோணுச்சு தெரியுமா? அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் பண்ண ஒரு ஆள் வந்திருக்கார். பேய் பிடிச்ச மாதிரி வேகவேகமா வேலை செய்யறார். ராமஸ்ஸினி பார்த்துட்டு, "ஏம்ப்பா இவ்வளவு அவசரம், கொஞ்சம் நிதானமா செய்யலாமே"ங்கிற மாதிரி கேட்கிறார். அதுக்கு அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, இதுல நாலு மணி நேரத்துக்கு மேல இருந்தா கண்ணு போயிடும், அனுபவிச்சவங்களுக்குத்தான் அது தெரியும்னு சொல்றார்.

ராமஸ்ஸினி அவர் கண்ணைச் சோதிச்சுப் பார்க்கிறார். நல்லா சிவந்து, பார்வை மங்கி இருக்கு. இதுக்கு என்ன வைத்தியம் பண்ணுவீங்கன்னு கேட்கிறார். நேரா வீட்டுக்குப் போயி, இருட்டு அறையில அடைஞ்சு, மறுநாள் வரைக்கும் வெளியே வராம, வெதுவெதுப்பான தண்ணியில கண்ணைக் கழுவிக்கிட்டே இருப்போம், அவ்வளவுதான்னு பதில் வருது.

இந்தப் பதிலை நான் பல தடவை நினைச்சுப் பார்த்திருக்கேன். ரசாயனம் கண்ல பட்டா இன்னைக்கு என்ன செய்யச் சொல்றோம்? ஓடுற சுத்தமான தண்ணியில 15, 20 நிமிஷம் விடாம கழுவுங்க. வேற எதையும் ஊத்தாதீங்க. பள்ளிக்கூடமே போகாத ஒரு மலக்குழித் தொழிலாளி முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே கைவசம் வெச்சிருந்த முதலுதவியும் தண்ணிதான். டாக்டர் அதை அவர்கிட்ட இருந்து கத்துக்கிட்டு எழுதி வெச்சார். அந்தத் தொழில் செஞ்சு பார்வை போனவங்க ஊருக்குள்ள பிச்சை எடுத்ததைப் பார்த்ததாவும் எழுதியிருக்கார். முகத்துக்கு மிருகங்களோட சிறுநீர்ப்பையில செஞ்ச, ஒளி ஊடுருவுற உறை போட்டுக்கலாம்னு யோசனையும் சொல்லியிருக்கார். இன்னைக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடிக்குக் கொள்ளுத் தாத்தா அது.

ஆனா ராமஸ்ஸினி பார்த்தது கண் எரிச்சலைத்தான். அதாவது கொஞ்சம் கொஞ்சமா நாள்பட்டு வர்ற பாதிப்பு. திடீர்னு ஆளை அடிச்சுப் போடுற இன்னொரு முகமும் அந்த வாயுவுக்கு உண்டு.

பாரிஸ் நகரத்து மலக்குழித் தொழிலாளிகள் ரெண்டுக்கும் தனித்தனியா பேர் வெச்சிருந்தாங்க. கண் எரிச்சலுக்கு 'மித்'. திடீர்ச் சாவுக்கு 'ப்ளோம்'. ப்ளோம்னா ஈயம். நெஞ்சு மேல ஈயக்கட்டியைத் தூக்கி வெச்ச மாதிரி அழுத்தி ஆளைச் சாய்க்குமாம். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே இந்த வாயுவை ஆய்வுக்கூடத்துல உண்டாக்கி விவரிச்சது 1777ல். குழிக்குள்ள இறங்கினவங்களுக்கு அதோட குணம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்.

1782 மார்ச் மாசம் பாரிஸ்ல ஒரு பரிசோதனை நடந்தது. ஜானின்னு ஒரு கண் மருத்துவர், மலக்குழியில வினிகரை ஊத்தினா விஷக்காத்து போயிடும்னு அறிவிச்சிருந்தார். அது உண்மைதானான்னு பார்க்க, அறிவியல் கழகத்துல இருந்தும் மருத்துவக் கழகத்துல இருந்தும் பெரிய பெரிய ஆட்கள் வந்து நின்னாங்க. லவாய்சியரே வந்திருந்தார். ஆக்சிஜனுக்குப் பேர் வெச்ச அதே லவாய்சியர்தான்.

வினிகரை ஊத்தினாங்க. நாத்தம் கொஞ்சம் மாறின மாதிரி இருந்தது. வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போது ஒரு தொழிலாளி குழிக்குள்ள விழுந்துட்டார். கஷ்டப்பட்டு மேலே எடுத்தாங்க. பிழைக்கலை. காத்தோட்டக் கருவிகளைக் கவனிக்கிற அதிகாரி ஒருத்தர் உதவி செய்யறதுக்காக அவர் முகத்துக்குக் கிட்ட குனிஞ்சார். அவர் வாயில இருந்து வந்த காத்தை உள்ளே இழுத்ததும் அந்த அதிகாரியும் சுருண்டு விழுந்து வலிப்பு வந்து, பிழைச்சதே பெரும்பாடு. அங்கே இருந்த ஹாலேங்கிற மருத்துவர் 1785ல இதையெல்லாம் விளக்கமா எழுதி வெளியிட்டார்.

ஒரு சின்ன வேதியியல் சொல்லிடறேன். வினிகர் ஒரு அமிலம். சல்பைடு கலந்த கழிவுநீர்ல அமிலம் சேர்ந்தா ஹைட்ரஜன் சல்பைடு வாயு இன்னும் அதிகமா வெளியே வரும். குறையவே குறையாது. நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுற தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லா தெரியணும். தோல்ல இருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போட சோடியம் சல்பைடு சேர்ப்பாங்க. அந்தத் தண்ணியும், பிறகு வர்ற அமிலத் தண்ணியும் ஒரே தொட்டியில கலந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. வீட்டு செப்டிக் டேங்க் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி 'நாத்தம் போகட்டும்'னு பாட்டில் பாட்டிலா கழிப்பறை ஆசிட் ஊத்துறவங்களும் இதைக் கவனிங்க. 1782ல பாரிஸ்ல செஞ்சதைத்தான் நீங்க திரும்பச் செய்யறீங்க.

சரி, இப்ப லண்டனுக்குப் போவோம். இந்த இடம்தான் முக்கியம்.

லண்டன் நகரத்துல போஸ்ட்மேன்ஸ் பார்க்னு ஒரு சின்னப் பூங்கா. அங்கே ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ்னு ஒரு ஓவியர் முயற்சி எடுத்து, 1900ல ஒரு நினைவுச் சுவர் திறந்தாங்க. மத்தவங்களைக் காப்பாத்தப் போயி உயிரை விட்ட சாதாரண மக்களுக்கான நினைவுச் சுவர். ராஜா, தளபதி யாரும் அதுல கிடையாது. பீங்கான் ஓடுகள்ல பேரும், நாளும், எப்படிச் செத்தாங்கன்னும் எழுதியிருக்கும்.

அதுல ஒரு பலகையில நாலு பேர். ஃபிரெடரிக் மில்ஸ், ஏ. ரட்டர், ராபர்ட் டூரன்ட், எஃப். டி. ஜோன்ஸ். 1895 ஜூலை 1ம் தேதி ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் இறைப்பு நிலையத்துல ஒரு சக தொழிலாளியைக் காப்பாத்தத் துணிச்சலா முயன்று உயிர் விட்டவங்கன்னு போட்டிருக்கு.

முதல்ல ஒருத்தர் கிணத்துக்குள்ள இறங்கி மயங்கினார். அவரைத் தூக்க இன்னொருத்தர் போனார். அவரைத் தூக்க அடுத்தவர். இப்படியே நாலு பேர். மொத்தம் அஞ்சு சாவு.

பலகையில நாலு பேர்தான் இருக்கு. முதல்ல விழுந்தவர் வெறும் 'சக தொழிலாளி'. அவர் பேர் அதுல இல்லை. ஏன்னா அவர் வீரத்தால சாகலை, வேலையால செத்தார். இது என்னை ரொம்பவே உறுத்துற விஷயம்.

இந்தச் சாவுகளை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்க வாயுக்கள், மூச்சு இயக்கம், ஆழ்கடல் நீச்சல்னு எல்லாத்துலயும் கை வெச்ச ஆளு. பல சோதனைகளைத் தன் உடம்புலயே செஞ்சு பார்த்தவர். சுரங்கத்துல விஷவாயு இருக்கான்னு கண்டுபிடிக்க எலி, குருவி மாதிரிச் சின்ன உயிர்களைக் கொண்டு போகச் சொன்னதும் அவர்தான். கேனரிப் பறவைகளைப் பிரிட்டிஷ் சுரங்கங்கள்ல 1986 வரைக்கும் வெச்சிருந்தாங்க. ஈஸ்ட் ஹாம் சாவுகளுக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடுன்னு அவர் சொன்னார்.

இதுல ஒரு வேடிக்கை. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1887ல, இதே ஹால்டேனும் கார்னெல்லிங்கிற வேதியியலாளரும் சேர்ந்து சாக்கடைக் காத்தைச் சோதிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல வந்த முடிவு என்ன தெரியுமா? நல்லா ஓடுற, காத்தோட்டம் உள்ள சாக்கடையில காத்து அப்படியொண்ணும் மோசமில்லை. சில வீடுகளுக்குள்ள இருக்கிற காத்தை விட அதுல கிருமி கம்மியாவே இருந்தது.

ரெண்டு முடிவும் உண்மைதான். ஆபத்தே அங்கேதான் இருக்கு.

ஓடுற சாக்கடையில பத்து நாள் இறங்கி வேலை பார்ப்பார். ஒண்ணும் ஆகாது. பதினொண்ணாவது நாள் அடைப்பு எடுக்க இறங்குவார். அடியில தேங்கி உறைஞ்சு கிடக்கிற கசடைக் கம்பியால கிளறுவார். அதுக்குள்ள அடைபட்டுக் கிடந்த வாயு மொத்தமா குப்புன்னு கிளம்பும். "நேத்து கூட இறங்கினேனே"ங்கிற அனுபவம் இந்த இடத்துல துணைக்கு வராது.

இந்த வாயு உடம்புல என்ன பண்ணுது? நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை வெச்சு அடுப்பு எரிக்கிற மாதிரிச் சக்தி தயாரிக்குது. அந்த அடுப்போட வாயை இது அடைச்சிடும். சயனைடு எந்த இடத்துல போய்ப் பிடிக்குதோ, இதுவும் அதே இடம்தான். ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தும் செல்லால அதைப் பயன்படுத்த முடியாது. மூளையில மூச்சை இயக்குற பகுதி சட்டுன்னு நின்னுடும். அதனாலதான் சத்தம் போடக்கூட நேரம் இல்லாம ஆள் சரியறார்.

அழுகின முட்டை நாத்தம் வரும், அதை வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம்னு நினைக்காதீங்க. பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு பங்கு கூட இல்லாதப்பவே நம்ம மூக்கு இதைக் கண்டுபிடிச்சிடும். ஆனா அளவு 100 பங்கைத் தாண்டினா மூக்கோட மோப்ப நரம்பே மரத்துப் போயிடும். நாத்தம் நின்னுடும். "வாடை போயிடுச்சு, இறங்கலாம்"னு நினைக்கிற நேரம்தான் எமன் வாசல்ல நிக்கிற நேரம். 500, 700ன்னு போனா சில நிமிஷத்துல மயக்கம். 1000ன்னா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே கதை முடியலாம்.

இன்னொரு பழைய பழக்கம், தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ கொளுத்தி இறக்கிப் பார்க்கிறது. 1000 பங்குன்னா நூத்துல 0.1 சதவீதம். அந்த அளவுல ஆளைக் கொல்லும், ஆனா மெழுகுவர்த்தி ஜம்முன்னு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். கூடவே டேங்க்ல மீத்தேனும் இருக்கும், அது வெடிக்கும். ஒரு தொழிலாளி என்கிட்ட, "மூடியைத் திறந்து கரப்பான் ஓடுதான்னு பார்ப்போம் சார், ஓடினா இறங்குவோம்"னார். ஹால்டேன் கேனரி வெச்சுப் பார்த்தார், இவங்களுக்குக் கரப்பான். ஆனா மேலே ஓடுற கரப்பானுக்கு அடியில கசடுக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

காப்பாத்தப் போறவர் ஏன் முதல் ஆளை விட வேகமா விழறார்? ஒண்ணு, கசடு ஏற்கெனவே கிளறப்பட்டு வாயு வெளியே வந்தாச்சு. இந்த வாயு காத்தை விடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். ரெண்டு, பதட்டத்துல அவர் நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சை வேகமா, ஆழமா இழுக்கிறார். மூணு, குனிஞ்சு ஆளைத் தூக்கறார். அதாவது வாயு அதிகமா இருக்கிற இடத்துக்கே மூக்கைக் கொண்டு போறார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிடலாம்னு சிலர் சொல்வாங்க. எழுபது கிலோ மயங்கின உடம்பை மூச்சு விடாம தூக்க முடியுமா? வீட்ல கட்டில்ல படுத்திருக்கிறவரைத் தூக்கிப் பாருங்க, தெரியும்.

அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986ல ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இந்த மாதிரி அடைபட்ட இடங்கள்ல நடக்கிற சாவுகள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கன்னு அதுல சொல்லியிருந்தாங்க. திரும்பப் படிங்க. விழுந்தவங்களை விட, தூக்கப் போனவங்க அதிகம்.

2015 நவம்பர்ல கோழிக்கோட்டுல பாதாள சாக்கடையில இறங்கின ஆந்திரத் தொழிலாளிகள் ரெண்டு பேர் மயங்கிட்டாங்க. அந்த வழியா வந்த ஒரு ஆட்டோ டிரைவர் இறங்கினார். மூணு பேருமே போயிட்டாங்க. கேரளாவே அழுதது. அந்த மனுஷனோட மனசுக்கு என் தலை எப்பவும் வணங்கும். ஆனா ஒரு டாக்டரா எனக்கு அவர் உயிரோட வேணும். ஈஸ்ட் ஹாம்ல செத்த நாலு பேருக்குக் கல்வெட்டு வெச்சு இத்தனை வருஷம் கழிச்சும் அதே ஏணியில அதே மாதிரி இறங்கிக்கிட்டு இருக்கோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்பீங்க. 1948ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துல 36வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழிக்குள்ள ஒருத்தர் இறங்கணும்னா, தகுதியான ஆள் சோதிச்சு எழுத்துல சான்று தரணும். இல்லைன்னா இறங்குறவர் மூச்சுக்கருவி போட்டு, இடுப்புல பெல்ட் கட்டி, அதுல கயிறு மாட்டி, கயிறோட மறுமுனையை வெளியே நிக்கிற ஆள் கையில பிடிச்சிருக்கணும். எவ்வளவு எளிமையான விஷயம் பாருங்க. கயிறு மட்டும் இருந்திருந்தா யாரும் இறங்காமலே இழுத்திருக்கலாம். அந்தக் கல்லூரிப் பையன் இன்னைக்கு ரெண்டு குழந்தைக்கு அப்பாவா இருந்திருப்பான்.

ஆனா அது தொழிற்சாலைச் சட்டம். உங்க வீட்டு செப்டிக் டேங்க் தொழிற்சாலை இல்லையே. தெருச் சாக்கடையில இறங்கினவருக்கு சட்டம் வர ரொம்ப நாளாச்சு. 1993ல ஒரு சட்டம் வந்தது, அது உலர் கழிப்பறையில கையால மலம் அள்ளுறதைத் தடுக்கத்தான். 2013 சட்டம்தான் பாதாள சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்தது. பாதுகாப்பு இல்லாம ஒருத்தரை இறக்கினா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. இறக்கச் சொன்னவர் வீட்டுக்காரராவும் இருக்கலாம், கான்ட்ராக்டராவும் இருக்கலாம். 2014 மார்ச்ல உச்ச நீதிமன்றம், 1993ல இருந்து செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கணும்னு சொன்னது. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்தினது.

இழப்பீடு உயர்ந்திருக்கு, நல்லது. ஆனா இறங்குறது யாருன்னு மட்டும் மாறவே இல்லை. இத்தாலியில, பாரிஸ்ல அது ஏழைங்க பிரச்சினையா இருந்தது. நம்ம ஊர்ல ஏழ்மையோட சாதியும் சேர்ந்துக்குச்சு. எந்தத் தெருவுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வருவாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அவங்களுக்குப் பழக்கம் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு படிச்சவங்களே என்கிட்ட சொல்லியிருக்காங்க. ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பழக்கம்னு ஒண்ணு உடம்புல கிடையவே கிடையாது. எந்த நுரையீரலும் அதுக்குத் தனி அனுமதி வாங்கிப் பிறக்கலை.

சரி, இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். ஒருத்தர் உள்ளே விழுந்துட்டார். என்ன செய்யணும்?

இறங்காதீங்க. இறங்கப் போறவரைப் பிடிச்சு இழுத்து நிறுத்துங்க. அண்ணன் தம்பியா இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து கட்டிப் பிடிச்சுக்கோங்க. அவர் உங்களைத் திட்டுவார், அடிப்பார். வாங்கிக்கோங்க. அந்த நேரத்துல நீங்க செய்யற முதல் முதலுதவி அதுதான்.

உடனே 101க்கோ 112க்கோ போன் பண்ணி, "குழிக்குள்ள விஷவாயு, ஆள் மயங்கிட்டார், மூச்சுக்கருவியோட வாங்க"ன்னு தெளிவா சொல்லுங்க. வெறும் "ஆக்சிடென்ட்"னு சொன்னா கருவி இல்லாம வர வாய்ப்பு இருக்கு. இன்னொருத்தர் 108க்குப் போன் பண்ணட்டும்.

கைவசம் இருக்கிற எல்லா மூடியையும் திறந்து விடுங்க, ஆனா எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. காத்து எந்தப் பக்கம் இருந்து வீசுதோ அந்தப் பக்கம் நில்லுங்க. பீடி, தீக்குச்சி, மோட்டார் சுவிட்ச் எதுவும் கிட்ட வேணாம். உள்ளே இருக்கிறவருக்கு நினைவு இருந்தா கயிறு போடுங்க. ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தா இழுங்க. மூக்குல ஈரத்துணி, கைக்குட்டை, கொரோனா மாஸ்க் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. துணியைக் கட்டிக்கிட்டு "நான் போறேன்"னு கிளம்புறவரையும் நிறுத்துங்க.

வெளியே எடுத்தாச்சு. இப்ப அவரைத் திறந்த வெளிக்கு, குழியை விட்டுத் தள்ளிக் கொண்டு போங்க. நனைஞ்ச துணியைக் கழட்டுங்க. கூட்டத்தை விலக்குங்க. மூச்சு இருக்கா, அசைவு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, நல்லா அழுத்திக்கிட்டே இருங்க.

வாயோட வாய் வெச்சு ஊத வேணாம். பாரிஸ் அதிகாரிக்கு என்ன ஆச்சுன்னு படிச்சீங்கல்ல? வாய் படாம மூச்சு கொடுக்க 1858ல சில்வெஸ்டர் கையைத் தூக்கி இறக்குற முறை சொன்னார். 1903ல ஷேஃபர் குப்புறப் படுக்க வெச்சு முதுகை அழுத்துற முறை சொன்னார். நம்ம தாத்தா காலத்துப் பாடப் புத்தகப் படங்கள்ல பார்த்திருப்பீங்க. அதுல போதுமான காத்து உள்ளே போறதில்லைன்னு 1950கள்ல பீட்டர் சாஃபர் நிரூபிச்சார். 1960ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இருந்து நெஞ்சை அழுத்துற முறை வந்தது. அதனால இப்ப உங்க வேலை நெஞ்சை அழுத்துறது. மூச்சு கொடுக்கிறதை ஆம்புலன்ஸ்ல வர்றவங்க பையும் மாஸ்க்கும் வெச்சு, ஆக்சிஜனோட பார்த்துப்பாங்க.

வலிப்பு வந்தா சாவிக்கொத்தைக் கையில கொடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எலுமிச்சம்பழம் மோக்க வைக்கிறது, சோடா ஊத்துறது, புளித்தண்ணி கரைச்சுக் கொடுக்கிறது எதுவும் வேணாம். மயங்கினவர் வாயில ஊத்துற எதுவும் நுரையீரலுக்குத்தான் போகும். கண் எரிச்சல்னா தண்ணி, நிறைய தண்ணி.

இன்னொண்ணு. சிலர் வெளியே வந்ததும் கண் முழிச்சு எழுந்து உட்காருவாங்க. "ஒண்ணுமில்ல, நான் நல்லா இருக்கேன்"னு நடந்து வீட்டுக்குக் கிளம்புவாங்க. விடாதீங்க. சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். ஆஸ்பத்திரியில வெச்சுக் கண்காணிக்கணும். "டேங்க்ல இறங்கினவர், இவ்வளவு நேரம் உள்ளே கிடந்தார்"னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சும்மா "மயங்கிட்டார்"னு சொன்னா நாங்க சர்க்கரை குறைஞ்சுதா, மாரடைப்பான்னு தேடிக்கிட்டு இருப்போம். சோடியம் நைட்ரைட்னு ஒரு மாற்று மருந்து இருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள சிலருக்குப் பயன்படலாம். ஆனா பெரும்பாலும் உயிரைக் காப்பாத்துறது சீக்கிரம் கிடைக்கிற ஆக்சிஜன்தான்.

இது எதுவுமே நடக்காம இருக்கணும்னா, உங்க வீட்டு டேங்க்ல யாரையும் இறக்காதீங்க. குழாய் போட்டு உறிஞ்சுற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்க. "அடியில கொஞ்சம் கசடு தங்கிடுச்சு, ஒரு ஆளை இறக்கி வழிச்சு எடுத்துடவா சார்? ஐநூறு ரூபா கூட கொடுங்க"ன்னு கேட்பாங்க. அந்தக் கொஞ்சம் கசடு அங்கேயே கிடக்கட்டும். டேங்குக்கு அதனால ஒண்ணும் ஆகாது.

கழிவுநீர் அகற்ற அழைக்க 14420. தீயணைப்பு, மீட்பு 101. ஆம்புலன்ஸ் 108. எந்த அவசரத்துக்கும் 112. இந்த நாலையும் இப்பவே போன்ல சேமிச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.